ஞானசிகாமணி சாரும் கிலுகிலுப்பைப் பாம்பும்

அந்தப் பாம்பின் பேரை எனக்கு முதன்முதலில் சொன்னவர் ரமோன். அமெரிக்காவில் என் மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், மெக்சிகோக்காரர், தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் காலையில் சொன்னார். சொன்னார் என்றால் அவர் வாயால் இல்லை அம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. அவர் தம்முடைய போனிடம் பேசுவார், போன் என்னிடம் தமிழில் பேசும். அதுவும் நம்மைப் போலவா பேசும்? ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசும்.

பாம்பிடம் வருவதற்கு முன்னால் சார் பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அமெரிக்கா வரைக்கும் போய் ஒரு பாம்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன் என்று உங்களுக்குப் புரியாது. என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள். என் மகன் அப்படித்தான் நினைத்தான், பாவம்.

சார் என்றால் என் வீட்டுக்காரர். நாசரேத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தார். ஊரே சார் என்று கூப்பிட்டது, நானும் சார் என்றே கூப்பிட்டேன். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று என் அம்மா கல்யாணத்தன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினாள். வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் நாக்கு வேதம் வாசிக்கிறதா சொல்லுங்கள்?

அவர் பேரின் முன்பாதி, சாலொமோன் ராஜா ஆண்டவரிடம் கேட்டு வாங்கினானே, அது. பின்பாதி, கிரீடத்தின் உச்சியில் ஒரு கல் பதிப்பார்களே, அது. புரிந்துவிட்டதா? சரி, சத்தமாகச் சொல்ல வேண்டாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முன்பாதியால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோயிலில் சாலொமோன் அதிகாரங்களை என்னை வாசிக்கச் சொன்னால் வரிக்கு வரி அது வரும், வரிக்கு வரி நான் இருமுவேன். புதிதாக வந்த போதகர் ஒருவர் எனக்குக் காசநோய் இருக்குமோ என்று சாரிடம் தனியாகக் கேட்டார். பிள்ளைக்குத் தண்ணீர் தெளிக்கிற ஆராதனைக்கு நாங்கள் சொல்கிற வார்த்தையிலும் அது இருக்கிறது. அதனால் நான் வெறும் ஸ்நானம் என்றுதான் சொல்வேன்.

சார் போய் மூன்று வருஷம் ஆகிறது. இனிமேல் குறைவதற்கு ஆயுசு இல்லை. அப்படியும் வரவில்லை.

என் மகன் ஜெபசிங்குக்கு அமெரிக்காவில் வேலை. டூசான் என்று ஒரு ஊர், முழுக்கப் பாலைவனம். வீட்டுக்குப் பின்னால் மதில், மதிலுக்கு அப்பால் ஆள் உயரத்துக்குக் கள்ளி. கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்த்தால் உபவாச ஜெபக்கூட்டம் போலவே இருக்கும். மருமகள் பெனிட்டாவுக்குப் பிரசவம் என்று நான் போனேன். ஆண் குழந்தை. சார் ஜாடை, அதே நெற்றி.

முதல் பேரனுக்குத் தாத்தா பேர்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் வற்புறுத்தவே இல்லை அம்மா. நான் யாரையும் எதற்கும் வற்புறுத்துகிறவள் கிடையாது. காலையில் ஜெபத்தில் ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, ராத்திரிக் குடும்ப ஜெபத்தில் ஒரு தடவை, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கணும்னு நீர் இவங்க மனசுல பேசும்"னு சத்தமாக ஜெபித்ததோடு சரி.

பெனிட்டா மெட்ராஸில் வளர்ந்த பெண். முகத்துக்கு நேரே பேசிவிடுவாள், மனதில் வைக்க மாட்டாள். ஒருநாள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். மாமா பேர நான் வச்சிட்டேன்னு வைங்க. நீங்க இவன எப்படிக் கூப்பிடுவீங்க?"

நான் யோசித்துப் பார்த்தேன். "ராசான்னு கூப்பிடுவேன்."

"பாத்தீங்களா! பாட்டியே கூப்பிட முடியாத பேரு என் புள்ளைக்கு எதுக்கு? ஜேடன்னு வச்சிடறேன். வாய் நிறையக் கூப்பிடுங்க."

"ஜேடன்னா என்னம்மா அர்த்தம்?"

"போன்லதான் பாக்கணும்."

எனக்குக் கண்ணீர் அதுவாக வந்தது. நான் அழ வேண்டும் என்று அழவில்லை. அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"சரி அத்தை, அழாதீங்க. ஸ்நானத்தன்னிக்கு போதகர் பிள்ளை பேர் என்னன்னு கேப்பாருல்ல, அப்ப நீங்க உங்க வாயால மாமா பேரச் சொல்லுங்க. எல்லார் காதுலயும் விழணும். சொல்லிட்டீங்கன்னா அதான் பேரு, நான் மறுபேச்சு பேச மாட்டேன். சொல்லலேன்னா ஜேடன்."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஸ்நானம் என்று குறித்திருந்தார்கள்.

சொல்லிப் பழகத்தான் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். வீட்டுக்குள் வைத்துப் பழகினால் பெனிட்டா காதில் விழும். ஏசி எந்திரம் வெளியே ஒரு மூலையில் இருக்கும், அதைப் பார்த்து உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணினேன். வாயைத் திறந்தேன். முதல் எழுத்துக்கு நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும், அப்படியே நிற்கும். கண்ணை மூடிப் பார்த்தேன், எழுந்து நின்று பார்த்தேன், வேகமாகச் சொன்னால் வருமோ என்று ஓடிவந்துகூடப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

அப்போது ஏசிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அம்மா. அது சாருடைய சாவிக்கொத்துச் சத்தம். சார் இடுப்பில் பள்ளிக்கூடத்துச் சாவி அத்தனையும் ஒரு வளையத்தில் தொங்கும். கோபம் வந்தால் முதலில் சாவியைத்தான் ஆட்டுவார். அதற்குள் அடங்கிவிட்டால் பிழைத்தோம், அதற்கு மேலும் பேசினால் அடி. அதே சத்தம். நான் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு விருட்டென்று நின்றேன். என் வாயிலிருந்து அவர் பேர் வந்தது. முழுசாக, முன்பாதி பின்பாதி எல்லாம் சேர்ந்து வந்தது. பேரைச் சொல்லி, "ஐயா, நீங்களா?" என்றேன்.

அவர் இல்லை. ஒரு பாம்பு. பச்சை கலந்த மண் நிறம், முதுகு நெடுகக் கட்டம் கட்டமாகத் தாயக்கட்டம் வரைந்த மாதிரி. வாலை மட்டும் நிமிர்த்தி ஆட்டிக்கொண்டு என்னையே பார்த்தது.

"அம்மையாரே!" என்று மதிலுக்கு மேலிருந்து ஒரு குரல். ரமோன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "தயவுகூர்ந்து அசைவற்று நில்லுங்கள். அது தங்களைத் தீண்டினால் தாங்கள் காலமாவீர்கள்."

நான் நின்றேன். பாம்பும் ஆட்டுவதை நிறுத்தியது. ரமோன் நீளமான இடுக்கியும் மூடி போட்ட வாளியுமாக வந்து, பரணிலிருந்து பானையை இறக்குகிற மாதிரி அலுங்காமல் எடுத்து வாளிக்குள் வைத்தார்.

நான் உடனே பேர் கேட்டேன். எங்கள் ஜெபக்குழுவில் பேர் தெரியாமல் யாருக்காகவும் ஜெபிக்க மாட்டோம். ரமோன் போனிடம் ரொம்ப நேரம் பேசினார். போன் சொன்னது:

"இதற்குப் பெயர்கள் பல. அறிஞர்கள் இட்ட முதற்பெயரின் பொருள், கிலுகிலுப்பை. இரண்டாம் பெயரின் பொருள், கட்டங்கள் உடையது. மக்கள் இதனை மொஹாவே என்கின்றனர். அது ஒரு குலத்தாரின் பெயர். தண்ணீரின் அருகே வாழ்வோர் என்று அதற்குப் பொருள் கூறுவர், உறுதியில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு விஷத்தையும் வைத்துக்கொண்டு பேர் கிலுகிலுப்பை! எங்கள் வீட்டுத் தொட்டிலில் பச்சை நிறத்தில் ஒன்று கிடக்கிறதே, பெனிட்டா வாங்கினது, அதே பேர். அப்புறம் அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது? ஒரு சொட்டு கிடையாது. ஆற்றிலேயே மணல்தான் ஓடுகிறது. யாரோ ஒருவர் பேர் வைக்கும்போது பக்கத்தில் இருந்து சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நானும் ரமோனிடம் சார் பேரின் அர்த்தத்தைச் சொன்னேன். அறிவு, கிரீடம், உச்சிக்கல் என்று ஒவ்வொன்றாகப் போனிடம் சொன்னேன். போன் அவருக்கு என்ன சொன்னதோ, மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாளியைப் பார்த்துத் தலை குனிந்தார். பாம்பின் பேர் அதுதான் என்று எண்ணிக்கொண்டார் போல. நான் திருத்தவில்லை. பாம்பை மணல் ஆற்றுக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்தார்.

புதன்கிழமை அது திரும்பி வந்துவிட்டது! அதே ஏசி, அதே மூலை. சார் அப்படித்தான். எந்த ஊருக்கு மாறுதல் போட்டாலும் யாரையாவது பார்த்து நாசரேத்துக்கே வந்துவிடுவார்.

அன்றிலிருந்து எனக்குக் கவலை விட்டது. காலையில் ஜெபசிங் வேலைக்குப் போனதும், பெனிட்டா பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். தூரமாகத்தான் உட்காருவேன், நான் ஒன்றும் புத்தி கெட்டவள் இல்லை. முதலில் ஒரு சங்கீதம் வாசிப்பேன். பாம்பை மிதிக்கிறதாக ஒரு வசனம் வரும், அதை மட்டும் விட்டுவிடுவேன். முகத்துக்கு நேரே வாசித்தால் நன்றாகவா இருக்கும்? அப்புறம் நாற்காலியைத் தரையில் ஒரு இழுப்பு இழுப்பேன். கிலுகிலு என்று ஆட்டும். சார் பேர் டக்கென்று வந்துவிடும். பேரைச் சொல்லி, "ஐயா, நீங்க அங்கேயே இருங்க, நான் இங்கேயே இருக்கேன், பிள்ளகிட்ட மட்டும் வந்துராதீங்க" என்பேன். தினமும் அதே வார்த்தைகள். நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. ரமோன் வாளியோடு வந்தால் வேண்டாம் என்று கை காட்டிவிடுவேன், அவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவதோடு சரி.

வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்கிறீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்காரி, பயந்துகொள்வாள் என்று நான்தான் மறைத்தேன். அவள் நன்மைக்காகத்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று ரமோன் நினைத்துக்கொண்டிருந்தார். அது அவர் தப்பு.

ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை ஜெபசிங் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டான். பின்கதவைத் திறந்தவன், அவனுடைய அப்பா பேரை நான் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டுவிட்டான். பிறந்ததிலிருந்து என் வாயில் கேட்காத பேர். அப்படியே நின்றுவிட்டான்.

"யம்மா..." என்றான் மெதுவாக. "யம்மா, யார்ட்ட பேசுதீங்க?"

"யார்ட்டயும் இல்லய்யா. நீ உள்ள போ."

"யம்மா, அப்பா செத்து மூணு வருசம் ஆச்சும்மா." அவன் கண்ணில் தண்ணீர்.

"எனக்குத் தெரியாதால? நான் அப்பாவக் கூப்பிடல. பாம்பக் கூப்பிடுதேன்."

அப்படிச் சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவன் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. பக்கத்தில் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "பெனிட்டா, அம்மாவுக்கு என்னமோ ஆயிட்டு, இங்க வா"ன்னு கூப்பிட்டான். பெனிட்டா ஓடிவந்தாள், தோளில் பிள்ளை. அந்த நேரம் பார்த்து பாம்பு வாலை ஆட்டியது.

அவள் போட்ட சத்தத்தில் கள்ளியிலிருந்த குருவியெல்லாம் பறந்துவிட்டன. ரமோன் வாளியோடு மதில் ஏறிக் குதித்தார். போன் சொன்னது: "அமைதி கொள்ளுங்கள். இவர் தங்கள் குடும்ப நண்பர் என்றல்லவா எண்ணியிருந்தேன்."

"எத்தனை நாளா அத்தை?" என்று கேட்டாள் பெனிட்டா. நான் சொன்னேன். பழகினதையும் சொன்னேன், எதற்காகப் பழகினேன் என்பதையும் சொன்னேன். ஜெபசிங் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பெனிட்டா பிள்ளையை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சொல்ல வருதா?" என்றாள்.

"வருதும்மா. நல்லா வருது."

"இப்பச் சொல்லுங்க."

ரமோன் அதற்குள் வாளியை மூடிவிட்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். இருமினேன்.

அன்றைக்கே பாம்பை வண்டியில் ஏற்றி ரொம்ப தூரம் கொண்டுபோகச் சொல்லிவிட்டாள் பெனிட்டா. ரமோன் கிளம்பும்போது நான் வாசலில் நின்றேன். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் போனார். சாருக்கு இரண்டாம் தடவை வழியனுப்புகிற மாதிரி இருந்தது எனக்கு. சனிக்கிழமை முழுக்க அந்த மூலையைப் பார்த்து உட்கார்ந்தேன். ஏசிதான் உறுமியது, ஏசிக்கெல்லாம் பேர் வரவில்லை. "ஆண்டவரே, நாளைக்கு சபையில நீர் எழுபது பேருக்கு முன்னால ஊமையனைப் பேச வைக்க மாட்டீரா"ன்னு ராத்திரி ஜெபித்தேன். பெனிட்டா தன் அறையில் ஜேடன் என்று பூவேலை செய்த துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே தமிழர் எல்லாரும் ஒரு வாடகைக் கட்டிடத்தில் கூடுவார்கள். ரமோனும் கோட்டுப் போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போதகர் பிள்ளையைக் கையில் வாங்கினார். பிள்ளை வீல் என்று கத்தியது. ஜெபசிங் தரையைப் பார்த்தான்.

"இந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள்" என்றார் போதகர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. அப்படியே நின்றது. போதகர் மறுபடியும் கேட்டார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் அந்த நெற்றியைப் பார்த்தேன், சார் நெற்றி. இந்தப் பேர் என்னோடு முடிந்துவிடப் போகிறது, நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்த பாவத்தால் என்று நினைத்தேன். பிள்ளை இன்னும் கத்தியது. போதகர் பெனிட்டா பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் பைக்குள் கையை விட்டு அந்தப் பச்சைக் கிலுகிலுப்பையை எடுத்தாள். பிள்ளை அழுகையை நிறுத்தத்தான் எடுத்தாள். ஆனால் பிள்ளை போதகர் கையில் இருக்க, அவள் அதை என் காதுக்குப் பக்கத்தில் ஏன் ஆட்டினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவசரத்தில் கை தவறியிருக்கும்.

கிலுகிலு என்றது. நான் விருட்டென்று நிமிர்ந்தேன். சார் பேர் கட்டிடம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. வந்தது நிற்க வேண்டுமே! "ஐயா, நீங்க அங்கேயே இருங்க, நான் இங்கேயே இருக்கேன், பிள்ளகிட்ட மட்டும் வந்துராதீங்க!"

போதகர் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். பின்வரிசையில் ரமோன் எழுந்து நின்றார், நாற்காலிக்கு அடியில் பார்த்தார்.

"பேர் இவ்வளவுமா?" என்று கேட்டார் போதகர்.

"முதல் வார்த்தை மட்டும் போதும் ஐயா" என்றாள் பெனிட்டா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாத முகம். கோயிலே சிரித்தது. போதகர் தண்ணீரை எடுத்து மூன்று தடவை தெளித்தார், சார் பேரைச் சொல்லித் தெளித்தார். பெனிட்டா மறுபேச்சு பேசவில்லை. சொன்ன சொல் காப்பாற்றுகிற பெண். அவளைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் நான் விட மாட்டேன்.

ஆக, எனக்கு அந்தப் பழைய பழக்கமெல்லாம் அதோடு ஒழிந்தது அம்மா. இப்போது தண்ணீர் குடிக்கிற மாதிரி வருகிறது. பேரனை எப்படிக் கூப்பிடுகிறேன் என்று கேட்கிறீர்களா? சின்ன சார் என்று கூப்பிடுகிறேன். பெனிட்டா அதைக் கேட்டு முதல்நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள், விளையாட்டாகத்தான். பிள்ளைக்கு அப்படிக் கூப்பிடுவது பிடித்திருக்கிறது, சிரிக்கிறான்.

அதோ, சக்கர நாற்காலி தள்ளுகிற பையன் ஒவ்வொருவராகப் பேர் கேட்டுக்கொண்டு வருகிறான் பாருங்கள், சென்னை விமானத்துக்கு. பயணச்சீட்டில் ரோஸ்லெட் என்று என் பேர், அதற்குப் பின்னால் சார் பேர்தான் அச்சடித்திருக்கிறது. முழுப்பேரும் சொன்னால்தான் ஏற்றுவானாம். எனக்கு வராமல் இல்லை. இந்த ஏசிக் காற்றில் காலையிலிருந்து தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் வந்து கேட்டால், இந்தச் சீட்டைப் பார்த்து நீங்களே வாசித்துச் சொல்லிவிடுங்களேன்.